இரண்டு வாயில்

இடம் தேடினோம். இருபத்தைந்து நாள் தேடினோம். குடியிருக்க வீடு தேடவில்லை. கடை வைக்கக் கட்டடம் தேடவில்லை. இசைக்கு இடம் தேடினோம்!

"இசைக்கா இடமில்லை இத்தமிழகத்தில்? மார்கழி பிறந்ததும் சென்னையில் மன்றந்தோறும் மிருதங்க ஒலி. ஆடி பிறந்ததும் ஊர்தோறும் ஒலிபெருக்கி அலறல். மணவீட்டில் மேளம், பிணவீட்டில் பறை. இத்தனைக்கும் இடமிருக்கும் நாட்டில் உங்கள் இசைக்கு மட்டுமா இடமில்லை?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தேடப் புறப்பட்ட பின்னர்தான் தெரிந்தது, இந்நாட்டில் ஒவ்வோர் ஓசைக்கும் ஓர் எல்லைக்கோடு போடப்பட்டிருக்கிறது என்பது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்று கேட்டால், ஒருவரும் பொறுப்பேற்பதில்லை. கோடு மட்டும் அழியாமல் இருக்கிறது.

எங்கள் ஊர் நெசவாளர் ஊர். எங்கள் படிப்பகத் தோழர்கள் இரண்டு நாள் இசைவிழா ஒன்று நடத்த முடிவு செய்தனர். வழக்கமான கச்சேரியல்ல, சோதனை இசை. அதாவது, இதுவரை ஒன்றோடொன்று சேராத ஒலிகளைச் சேர்த்துப் பார்ப்பது. இசையென்று இதுவரை எவரும் மதிக்காத ஓசையை இசையாகக் கேட்கப் பழகுவது. பொறியியல் படித்த தோழியர் ஒருவர், தம் தந்தையாரின் தறி ஓசையைப் பதிவு செய்து, அதைக் கணினியில் நீட்டியும் குறுக்கியும் அடுக்கியும் ஓர் இசை அமைத்திருந்தார். நாகசுரக் கலைஞர் ஒருவர் தம் கருவியின் ஒலியை மின்கருவி வழியாகச் செலுத்தி, ஒருவரே நால்வராக ஊதும் முறையை ஆறு மாதமாகப் பயின்றிருந்தார். இவர்களோடு எழுபது வயதைத் தாண்டிய பறைக்கலைஞர் ஒருவரும், அவருடைய குழுவினர் எண்மரும். எவ்விடத்தில் இவர்களை இசைக்கச் செய்வது? அதை முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பொறுப்பு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு தாளை எடுத்துப் பதினோர் இடங்களின் பெயரை எழுதியது. அந்தத் தாளைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வாழ்வில் நான் எழுதிய தாள்களில் எதற்கேனும் நான் வெட்கப்பட வேண்டுமென்றால், அது அந்தத் தாளுக்குத்தான்.

தாளில் முதல் இடம், ஊரின் நடுவேயுள்ள சபா. நல்ல மேடை, நல்ல இருக்கை, நல்ல ஒலியமைப்பு. செயலாளர் எங்களை அன்போடு வரவேற்றார். காப்பி வரவழைத்தார். தறி ஓசையை இசையாக்கும் செய்தியைக் கேட்டு, "புதுமையாக இருக்கிறதே!" என்று வியந்தார். நாகசுரம் என்றதும் முகம் மலர்ந்தார். பறை என்றதும் அந்த மலர் சட்டென்று கூம்பிற்று.

"அது மட்டும் வேண்டாமே, தம்பி. வெளியிலே, வாசலிலே அடிக்கட்டும். வரவேற்பு மாதிரி இருக்கும். உள்ளே மேடையில்... தோல் கருவி பாருங்கள்..."

தோல் கருவி! மிருதங்கம் எதனால் ஆனது? மல்லிகை மலராலா? ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் என மூன்றும் சேர்ந்தால்தானே ஒரு மிருதங்கம் பேசும்? அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, உரித்து, உலர்த்தி, பதப்படுத்தி, வார் பிடித்துக் கொடுக்கும் கைகள் எவருடையவை? அந்தக் கைகளைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஒரு நூல் எழுதினார். 2020ஆம் ஆண்டில் அந்நூலின் வெளியீட்டு விழாவுக்குச் சென்னையில் அரங்கு தர ஒப்புக்கொண்ட ஒரு கலை நிறுவனம், விழா நெருங்கிய வேளையில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. வேறோரிடத்தில் விழா நடந்தது. கருவிக்கு மேடையில் இடமுண்டு. கருவியைச் செய்தவரின் கதைக்கு இடமில்லை! தலைநகரின் நிலையே அதுவென்றால், எங்கள் ஊர்ச் செயலாளரை மட்டும் நொந்து பயன் என்ன?

காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்தோம்.

இரண்டாவது இடம், திருமண மண்டபம். உரிமையாளர் வாடகையைச் சொன்னார், ஒப்புக்கொண்டோம். பறை என்றோம். "மங்கல காரியம் நடக்கும் இடம், சாவுக்கு அடிப்பதை இங்கே கொண்டுவரலாமா?" என்றார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, உணவோடும் மரத்தோடும் பறவையோடும் யாழோடும் சேர்த்துப் பறையையும் எண்ணியது. மலையில் ஒரு பறை, வயலில் ஒரு பறை, கடற்கரையில் ஒரு பறை என்று, வாழ்வின் அத்தனை துறைக்கும் முழங்கிய கருவி அது. அதைச் சாவின் வாசலில் கட்டிப்போட்டது யார்? கட்டிப்போட்டுவிட்டு, "இது சாவுக்குரியது" என்று பழிப்பது என்ன நியாயம்? ஒருவன் காலில் விலங்கு பூட்டிவிட்டு, "இவனுக்கு நடக்கத் தெரியாது" என்று ஏளனம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது இடம் பள்ளித் திடல். இடம் கிடைத்தது, நாங்களே வேண்டாமென்றோம். சுவரை ஒட்டியே மருத்துவமனை. நோயாளியின் உறக்கத்தைக் கெடுத்துப் புரட்சி இசை முழக்குவது பகுத்தறிவாகாது. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி என்பதும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாதென்பதும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். கோயில் ஒலிபெருக்கி அவ்விதியை மீறும்போது கண்டிக்கும் நாம், நமது ஒலிபெருக்கிக்கு மட்டும் விலக்குக் கேட்கலாமா?

நான்காவது இடத்தில் ஒரு செல்வர் குறுக்கிட்டார். தம் நெல் களத்தைத் தருவதாகவும், பந்தல் செலவையும் ஏற்பதாகவும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: மேடை ஈசானிய மூலையில் அமைய வேண்டும், தொடக்கம் இராகுகாலத்தில் கூடாது. ஒலி, மூலை பார்த்துப் பரவுவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பரவுகிறது. இராகு காலத்தில் அதன் வேகம் குறைவதுமில்லை என்று எடுத்துரைத்தோம். "செலவு நான் செய்கிறேன், நம்பிக்கையும் என்னுடையதாக இருக்கட்டும்" என்றார். வணங்கி விடைபெற்றோம். பணமில்லாத படிப்பகத்துக்கு அது எளிய முடிவன்று.

இப்படியே ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்து, கடைசியில் தாளின் அடியில் நின்றது பதினோராவது இடம்: நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நூல் கிடங்கு. இருபத்து நான்கு மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம், ஆறு மீட்டர் உயரம். செங்கற்சுவர், சிமிட்டித் தரை. நூல் வைப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள். கிழக்கே பெரிய சாலையை நோக்கி ஒரு வாயில். உள்ளே போய் நின்று கைதட்டினேன். ஒரு தட்டு நூறு தட்டாகித் திரும்பியது. பேசிப் பார்த்தேன், என் சொல்லை என் சொல்லே விழுங்கிற்று. "கிணறுதான் இது, அரங்கமன்று" என்று தாளில் அதையும் அடித்தேன்.

பதினொன்றும் போயின. மாலையில் படிப்பகத் திண்ணையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தேன். பறைக்கலைஞர் வந்தார். பெரியவருக்கு எழுத்தறிவு உண்டு. எங்கள் படிப்பகத்தின் முதியோர் வகுப்பில் கற்றவர். திண்ணையில் கிடந்த தாளை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்னர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"தம்பி, ஊரெல்லாம் எழுதியிருக்கீங்க. எங்க தெரு மட்டும் காயிதத்துல காணோமே?"

என்ன சொல்வேன், தோழர்களே! சாதி ஒழிப்பு மாநாட்டுக்குக் கொடி பிடித்தவன் நான். சமத்துவபுரத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசியவன் நான். பெரியவரின் தெருவில் படிப்பகத்தை அடுத்து நல்ல திடல் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே கால்பந்து ஆடியிருக்கிறேன். ஆயினும், இடங்களை எழுதிய என் பேனா அந்தத் தெருவின் முனைவரை போய்த் திரும்பிவிட்டது. ஏன் எழுதவில்லை? "கூட்டம் வராது" என்று எண்ணியிருப்பேன். வராத அந்தக் கூட்டம் எந்தக் கூட்டம்? அந்தத் தெருவில் வாழும் நானூறு பேர் கூட்டமில்லையா? "அங்கே யார் வருவார்கள்" என்று நினைத்தபோது, "யார்" என்ற சொல்லுக்கு என் உள்ளம் கொண்ட பொருள் என்ன? சபாச் செயலாளர் வாய்திறந்து சொன்னதை, நான் வாய்திறவாமல் எழுதியிருக்கிறேன்! அவருக்கும் எனக்கும் வேறுபாடு, அவர் காப்பி கொடுத்தார் என்பதுதான்.

"தவறுதான், ஐயா" என்றேன். அவர் சினக்கவில்லை. "வாங்க, ஒருநாள் அந்தப் பக்கமா நடந்து வாங்க" என்றார்.

மறுநாள் காலையில் நடந்தோம். தெருவின் கோடியில் நெடிய செங்கற்சுவர் ஒன்று. சுவரின் நடுவே அகன்ற மரக்கதவு. அதில் துருப்பிடித்த பூட்டு. எங்கோ பார்த்த சுவர்போல் தோன்றிற்று. "இது எது?" என்றேன். பெரியவர் சிரித்தார். "நீங்க அடிச்சு விட்டீங்களே, அந்தக் கெடங்குதான். அந்தப் பக்கமா பாத்தீங்க. இந்தப் பக்கமா பாக்கலே."

அந்தக் கிடங்குக்கு இரண்டு வாயில்! கிழக்கு வாயில் பெரிய சாலைக்கு. மேற்கு வாயில் அந்தத் தெருவுக்கு. ஒரு காலத்தில் தெரு மக்கள் கிடங்கின் வழியே சாலைக்குப் போய்வந்தார்களாம். நூல் வாங்க வருவோரில் சிலர் முகம் சுளித்தனராம். பெரியவரின் தந்தையார் காலத்தில் மேற்குக் கதவு பூட்டப்பட்டது. அதன்பிறகு, சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் சாலைக்குச் செல்ல, சுற்றிக்கொண்டு முக்கால் கிலோமீட்டர் நடை. அறிவிப்புப் பலகை இல்லை. தீண்டாமை என்ற சொல் இல்லை. ஒரு பூட்டு, அவ்வளவுதான். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார் என்று ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம். நம் ஊரில் நாள்தோறும் ஒரு தெரு சுற்றி நடப்பதை நாம் பார்க்கவில்லையே!

அன்று மாலை தோழர்கள் கூடினோம். கூட்டம் சூடாகவே நடந்தது. ஒரு சாரார், "சபாவை விடக்கூடாது. நம்மை மறுத்த மேடையில் ஏறுவதே உரிமை. வேறிடம் போனால் அவர்கள் நினைத்தது நடந்ததாகிவிடும்" என்றனர். இன்னொரு சாரார், "அவர்கள் மேடை நமக்கெதற்கு? தமிழில் பாட இடமில்லை என்றபோது, 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டார்கள் அல்லவா? நமக்கென்று ஒரு மன்றம்; அதுவும் பெரியவரின் தெருத் திடலிலேயே" என்றனர்.

இரு வழிக்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2015இல் சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவிலேயே மேடை போட்டுக் கருநாடக இசையும் பறையும் ஒருசேர முழங்க விழா எடுத்தனர். 2018 சனவரி 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில், கானாவும் பறையும் மேற்கத்திய மின்கருவிகளும் சேர்ந்து ஒலிக்க, இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் ஓர் இசைக்குழு அரங்கேறியது. சாதியற்றவர் என்ற பொருளில் அக்குழு தாங்கிய பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து எடுக்கப்பட்டது. இடத்தை மாற்றினால் இசையின் பொருளே மாறுகிறது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள்.

பெரியவரைக் கேட்டோம். அவர் சொன்னது: "எங்க திடல்ல நாங்க தினமும் அடிக்கிறோம். எங்க ஆளுங்க கேக்குறாங்க. கேக்காதவங்க கேக்கணும், அதுக்கு அவங்க இந்தப் பக்கம் வரணும், நாங்க அந்தப் பக்கம் போகணும். அந்தக் கதவு தொறந்தா ரெண்டும் நடக்கும்."

கிடங்கு என்று முடிவாயிற்று. சபாவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. அது இன்னும் அவர்கள் மேசையில் உறங்குகிறது.

ஆனால், எதிரொலி? அதற்கு விடை தந்தவர் தோழியர். அமெரிக்க அறிவியலறிஞர் வாலஸ் சபைன் என்பாரின் வரலாற்றைச் சொன்னார். 1895இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில், பேசுவது ஒன்றும் விளங்காத அளவுக்கு ஓசை சுற்றிச் சுற்றி நின்றதாம். சீர்படுத்தும் பணி இளைஞரான சபைனிடம் வந்தது. அவர் ஓமம் வளர்க்கவில்லை. வாசலை மாற்றி வைக்கவில்லை. அருகிலிருந்த இன்னொரு மண்டபத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து பரப்பி, ஓசை எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். மீண்டும் அளந்தார். காலையில் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். அந்த உழைப்பில் பிறந்தது ஓர் எளிய கணக்கு: அறையின் கன அளவு பெருகப் பெருக எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு பெருகப் பெருக அது குறுகும். அந்தக் கணக்கைக் கொண்டு அமைத்த பாஸ்டன் இசையரங்கம் 1900இல் திறக்கப்பட்டது. உலகின் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது.

தோழியர் அந்தக் கணக்கை எங்கள் கிடங்குக்குப் போட்டார். வெறும் கிடங்கில் ஓசை அடங்க ஏறத்தாழ ஏழு நொடி. முந்நூறு பேர் உள்ளே அமர்ந்தால்? ஒன்றரை நொடி! மனித உடலும் ஆடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. கைதட்டி நான் கேட்ட இரைச்சல், கிடங்கின் குற்றமன்று, வெறுமையின் குற்றம். ஆளில்லாத மன்றத்தில் ஒருவன் நின்று பேசினால், அவன் குரலே அவனுக்குப் பகையாகிறது. மக்கள் நிறைந்தால் அதே சுவருக்குள் ஒவ்வொரு சொல்லும் தெளிகிறது. இதை நான் இயற்பியல் பாடமாகவும் எடுத்துக்கொண்டேன். அரசியல் பாடமாகவும் எடுத்துக்கொண்டேன்.

ஒலிக்கேற்ப இடத்தையே படைத்தோரும் உண்டு. 1958இல் பிரசல்சு நகரப் பொருட்காட்சியில், எட்கார் வாரேசின் எட்டு நிமிட மின்னிசைக்காகவே, லெ கொர்புசியேயின் பணிமனையில் செனாக்கிசு ஒரு கூடாரக் கட்டடம் வடித்தார். நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் சுவரெங்கும். காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள். அதற்கும் ஆறாண்டுகளுக்கு முன், 1952இல், அமெரிக்காவின் வுட்சுடாக் அருகே, பின்புறம் காட்டை நோக்கித் திறந்திருக்கும் மரக்கொட்டகை ஒன்றில், ஜான் கேஜ் அமைத்த இசை அரங்கேறியது. பியானோக் கலைஞர் நான்கு நிமிடமும் முப்பத்து மூன்று நொடியும் ஒரு கட்டையைக்கூட அழுத்தவில்லை. அவையோர் கேட்டது காற்றையும் மழையையும் தங்கள் முணுமுணுப்பையும். நம் நாட்டிலும் 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னிசைக் கூடம் அமைந்தது. எட்டாத பொருளன்று புதுமை. நெசவாளர் ஊரின் கிடங்குக்கும் அது வரலாம்.

இனி மேற்குக் கதவு. சங்க அலுவலகம் கிடங்கைத் தர இசைந்தது. கதவைத் திறக்க இசையவில்லை. "இத்தனை ஆண்டாகப் பூட்டியது, ஏன் வீண் வம்பு?" என்றனர். விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். முதற்காரணமாக எதை எழுதுவது? முந்நூறு பேர் அமரும் அறைக்கு ஒற்றை வாயில் போதாது, தீப்பற்றினால் என்னாகும்? 2004 சூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிஞ்சுகள் கருகியதை இந்நாடு மறக்குமா? மேலும், பறையின் தோலைத் தீயில் காய்ச்சித்தான் முழக்க வேண்டும். வைக்கோல் தீயை அறைக்குள் மூட்ட இயலாது; மேற்கு வாயிலுக்கு வெளியேதான் முற்றம் இருக்கிறது. இவை மறுக்க முடியாத காரணங்கள். "இவற்றை மட்டும் எழுதுவோம், வேலை முடியும்" என்றார் ஒரு தோழர். "பூட்டியது தீக்கு அஞ்சியா? சாதிக்கு அஞ்சி அல்லவா? உண்மையை மறைத்து வென்றால், நாளை பூட்டும்போது என்ன சொல்வோம்?" என்றார் தோழியர். நான் இருவருக்கும் நடுவே நெடுநேரம் தயங்கினேன். கடைசியில் இரு காரணத்தையும் எழுதினோம்: உயிர்க்காப்பு முதலில், உரிமை அடுத்து.

பதில் வந்தது. பாதுகாப்புக் கருதி, விழா நடக்கும் இரண்டு நாள் மட்டும் மேற்குக் கதவைத் திறக்கலாமாம். உரிமையைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. தீக்காகத் திறந்தார்கள், நீதிக்காகத் திறக்கவில்லை!

இன்னொரு சிக்கலும் எழுந்தது. மேடை எங்கே? கிழக்கு வாயிலுக்கு எதிரே, மேற்குக் கதவை ஒட்டி மேடை போட்டால் பார்க்க அழகு. ஆனால், மேற்கு வாயில் "பின்வாசல்" ஆகிவிடும். தெரு மக்கள் மேடையின் முதுகைப் பார்த்து நுழைய வேண்டியிருக்கும். கோவலன் கதையைத் தந்த இளங்கோ, மாதவியின் அரங்கத்தை அளந்து காட்டுகிறார்: இருபத்து நான்கு விரல் கொண்ட மூங்கிற்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், தூணின் நிழல் விழாதபடி விளக்கு, வாயில்கள் இரண்டு. பூதங்களை எழுதி வைத்து வணங்கிய வழக்கமும் அங்கே உண்டு. அதை நாம் விட்டுவிடலாம். அளவுகோலையும் இரண்டு வாயிலையும் எடுத்துக்கொள்வோம் என்றோம். நெடுஞ்சுவரின் நடுவே, வடக்கே மேடை. இரு புறமும் சம தொலைவில் இரு வாயில். அழைப்பிதழில் முன்வாசல், பின்வாசல் என்ற சொற்களே இல்லை. கிழக்கு வாயில், மேற்கு வாயில் என்று மட்டும் அச்சிட்டோம்.

விழா நாள் வந்தது. பூட்டைத் திறக்கச் சாவி கிடைக்கவில்லை, அறுக்க வேண்டியதாயிற்று. கீல்கள் முனகின. தோழியர் ஓடிப்போய் ஒலிவாங்கியை நீட்டி அந்த முனகலைப் பதிவு செய்துகொண்டார்.

முற்றத்தில் வைக்கோல் தீ மூண்டது. பெரியவர் பறையைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சினார். சாலைப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள், கிடங்கைக் கடந்து மேற்கு வாயிலில் நின்று அதை வேடிக்கை பார்த்தனர். தெருப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள், கிடங்கைக் கடந்து கிழக்கு வாயிலில் நின்று சாலையைப் பார்த்தனர். இசை இன்னும் தொடங்கவில்லை. விழா தொடங்கிவிட்டது.

முதலில் தறி இசை. இருட்டில், மெல்லிய ஓசையாய், ஒரு நாடா ஓடும் ஒலி. முந்நூறு பேரும் மூச்சடக்கிக் கேட்டனர். என் அருகே இருந்த முதிய நெசவாளர், "இது நம்ம தறிதானே?" என்று முணுமுணுத்தார். வாழ்நாளெல்லாம் இரைச்சலென்று கேட்டதை, அன்று இசையென்று கேட்டார். பின்னர் நாகசுரம். பின்னர், எட்டுப் பறைகள் மேற்கு வாயிலிலிருந்து முழங்கிக்கொண்டு உள்ளே வந்தன. சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் மாறி மாறிப் பேச, அரங்கை வலம் வந்து, கிழக்கு வாயில் வழியே பெரிய சாலைக்குச் சென்று, ஒரு சுற்று ஆடி, மீண்டும் உள்ளே வந்து மேடை ஏறின. யாரும் சொல்லிக்கொடுத்த ஏற்பாடன்று அது. பெரியவர் தாமாகச் செய்தது. அவருடைய தந்தையார் காலத்தில் மூடிய வழியில், அவர் தம் கால்களால் ஒருமுறை நடந்து பார்த்தார். அவ்வளவுதான்.

எல்லோரும் மகிழ்ந்தனர் என்று சொல்ல மாட்டேன். சிலர் பாதியில் எழுந்து போயினர். சங்கத்தார் ஒருவரும் வரவில்லை. மின்கருவிகளில் முதல்நாள் பாதிநேரம் உறுமல் ஓசை, நிலத்தொடர்பு சரியில்லை, மறுநாள்தான் சீர் செய்தோம். குறைகள் பல. ஆயினும், அளந்தபடியே ஓசை தெளிவாக நின்றது.

மூன்றாம் நாள் காலை கிடங்குப் பக்கம் போனேன். மேற்குக் கதவில் புதிய பூட்டு, பளபளப்பாகத் தொங்கிற்று.

தோழர்களே! இடம் தேர்வது சிறு வேலை என்று எண்ணியிருந்தேன். நாற்காலிக் கணக்கும் வாடகைக் கணக்கும் என்று எண்ணியிருந்தேன். இன்று சொல்கிறேன்: நீங்கள் கூட்டம் நடத்துங்கள், நாடகம் நடத்துங்கள், திருமணம் நடத்துங்கள், இடங்களைத் தாளில் எழுதும்போது, எழுதாமல் விட்ட இடம் எது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எழுதிய பதினோர் இடமும் ஊரைக் காட்டும். எழுதாத ஓரிடம் உங்களைக் காட்டும்.

கதவை நிலையாகத் திறக்கக் கோரித் தெரு இளைஞர்கள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். இம்முறை காரணம் ஒன்றே ஒன்று. அதில் தீயைப் பற்றிய பேச்சே இல்லை. சாலைப் பக்கத்தார் சிலரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதிய நெசவாளரின் கையெழுத்தும் அதில் உண்டு.

அடுத்த விழாவுக்கு நாங்கள் இடம் தேடப் போவதில்லை. இடம் தெரிந்துவிட்டது. திறவுகோலைத்தான் தேடுகிறோம்.